பத்து விநாடி சீரிஸில் மட்டும் சிக்கும் .22 பிஸ்டல்: எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

நடுவட்டம் (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். 25 மீட்டர் ஸ்டாண்டர்ட் பிஸ்டல் சுடுகிறேன். கையில் இருப்பது .22 லாங் ரைஃபிள் செமி ஆட்டோமேட்டிக், டிரிகருக்கு முன்னால் மேகசீன் செருகுகிற வகை, ஐந்து தோட்டா பிடிக்கும். இன்னொரு வீரர் வைத்திருந்ததை முறைப்படி உரிமம் மாற்றி வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்றே இழை முழுக்க ஓடிவிடும்.

ஒரு சீரிஸ் என்பது ஐந்து தோட்டா. அதற்கு 150 விநாடி தரும் சீரிஸில் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. 20 விநாடியில் எப்போதாவது. 10 விநாடிக்குப் போனால் மூன்றாவது நான்காவது தோட்டாவில் நின்றுவிடுகிறது. வெற்றுக் கேஸ் (சுட்ட தோட்டாவின் பித்தளை உறை) முழுசாக வெளியே போகாமல், போல்ட்டுக்கும் (முன்னும் பின்னும் ஓடிப் பின்வாயை மூடும் பாகம்) அது வெளியேறும் ஜன்னலுக்கும் நடுவில் வாயை மேலே காட்டிக்கொண்டு மாட்டியிருக்கும். சுத்தம் செய்தேன், எண்ணெய் விட்டேன், மாற்றமில்லை. மாநிலப் போட்டி நெருங்குகிறது. போல்ட்டைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் மாற்றுவதா, கேஸைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் மாற்றுவதா, இல்லை தோட்டாவையே மாற்றிப் பார்ப்பதா?

புதுத்தோட்டா (கோவை)

எங்கள் கிளப்பில் ஒருவருக்கு இதே பிரச்சினை. ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டினார், சரியாகிவிட்டது. செலவே இல்லை.

ஒற்றைக்கை (ஒஹாயோ)

வெட்டாதீர்கள்! முதலில் ஹை வெலாசிட்டி (அதிவேக) தோட்டா ஒரு பெட்டி போட்டுப் பாருங்கள். அதில் ஒழுங்காக ஓடினால் போல்ட்டைப் பின்னால் தள்ளும் வேகம்தான் போதவில்லை என்று தெரிந்துவிடும். சோதனைக்கு மட்டும் சொல்கிறேன், தினமும் சுடுவதற்கு இல்லை.

பழைய_ஆர்மரர் (வேலூர்)

தம்பி, எதையும் மாற்றவேண்டாம், வெட்டவும் வேண்டாம். கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கடைசித் தோட்டா போன பிறகு போல்ட் பின்னால் நிற்கிறதா, மூடிக்கொள்கிறதா? ஒழுங்காக வெளியேறும் கேஸ் எங்கே போய் விழுகிறது, காலடியிலா, பக்கத்து லேனுக்கு அருகிலா? எந்த மேகசீனில் சிக்குகிறது, எல்லாவற்றிலுமா? தோட்டா எந்த வகை? மாட்டிய கேஸ்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அவற்றின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

துப்பாக்கியைப் பிரிப்பது அப்புறம். நடந்தது முழுவதும் அந்தக் கேஸில் பதிவாகியிருக்கும், அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து ஸ்பிரிங்கைக் குறை சொல்வதுதான் இங்கே வழக்கமாகிவிட்டது.

நடுவட்டம்

நன்றி ஐயா. நேற்று மாலை இதற்காகவே ரேஞ்சுக்குப் போய்வந்தேன்.

கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் சில தடவை பின்னால் நிற்கிறது, பல தடவை மூடிக்கொள்கிறது. இதுவரை அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொண்டதில்லை. வெளியேறும் கேஸ்கள் வலது காலுக்கு ஒட்டியே விழுகின்றன, ஒன்றிரண்டு மேசை மேலேயே. மேகசீன் இரண்டுக்கும் மார்க்கரால் எண் போட்டுச் சுட்டேன். இரண்டிலும் சிக்குகிறது, ஏறக்குறைய சமமாக. தோட்டா ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, 40 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டு. கிளப்பில் எல்லோரும் சுடுவது அதுதான்.

கேஸ் விளிம்பில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) தடம் ஆழமாக, தெளிவாக இருக்கிறது. எக்ஸ்ட்ராக்டர் நகம் பிடித்த இடத்தில் லேசான கீறல், பிய்ந்த மாதிரி இல்லை. மாட்டிய கேஸ்களில் வாய்ப்பகுதி ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது.

பழைய_ஆர்மரர்

இதற்குத்தான் கேட்டேன். பாதி வேலை முடிந்தது.

இரண்டு மேகசீனிலும் ஒரே மாதிரி சிக்குவதால் மேகசீனைச் சந்தேகப் பட்டியலில் கீழே தள்ளுங்கள். பின் தடம் ஆழமாக இருப்பதால் ஃபயரிங் பின், அதை அடிக்கும் ஹேமரின் ஸ்பிரிங் பக்கம் போகவேண்டாம். கேஸ் காலடியில் விழுகிறது, கடைசித் தோட்டாவில் போல்ட் நிற்பதில்லை, வெளியே போகவேண்டிய கேஸை மூடவரும் போல்ட் பிடித்து நசுக்குகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் ஒன்றுதான். போல்ட் போகவேண்டிய தூரம் முழுக்கப் பின்னால் போகவில்லை. அரைகுறையாகப் போய்த் திரும்பி வருகிறது.

நம் .22 டார்கெட் பிஸ்டல்கள் எல்லாம் புளோபேக். பூட்டு என்று எதுவும் கிடையாது. வெடிக்கிற நேரத்தில் பின்வாயை மூடி வைத்திருப்பது பெரும்பாலும் போல்ட்டின் எடை. அதைப் பின்னால் தள்ளுவது கேஸின் அடிப்பாகத்தை அழுத்தும் வாயு. அந்தத் தள்ளலில் இருந்துதான் எல்லாச் செலவும் போகவேண்டும்: ஸ்பிரிங்கை அழுத்த, ஹேமரைச் சாய்க்க, ஓடும் பாதையின் அழுக்கை மீற, சேம்பரில் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடம்) ஒட்டிய கேஸை உருவ. ஏதோ ஒன்று அதிகம் பிடுங்கிக்கொண்டால் கடைசி அங்குலத்துக்கு மிச்சம் இருக்காது.

10 விநாடியில் மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். 150 விநாடியில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையை இறக்கி, மூச்சு வாங்கி, பிடியைச் சரிசெய்து சுடுகிறீர்கள். பத்து விநாடியில் 45 பாகையிலிருந்து கை எழுந்து ஐந்தையும் அடித்தாகவேண்டும். மூன்றாவது தோட்டாவுக்குள் மணிக்கட்டு இளகிவிடும். ஃபிரேம் கையோடு சேர்ந்து பின்னால் நகர்ந்தால் போல்ட்டுக்குக் கிடைக்கும் ஓட்டம் அந்த அளவுக்குக் குறையும். ஒழுங்கான பிஸ்டல் இதைச் சமாளிக்கும். விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிற பிஸ்டல் நின்றுவிடும். அதனால் உங்கள் கையும் காரணம்தான், ஆனால் கையைத் திட்டுவதற்கு முன் பிஸ்டல் ஏன் விளிம்பில் ஓடுகிறது என்று பாருங்கள்.

ரூர்_தமிழன் (டார்ட்முண்ட்)

ஐயா சொன்னதோடு ஒன்று. எங்கள் சங்கத்தில் வால்தர் ஜிஎஸ்பி, பார்டினி, பழைய ஹேமர்லி 208 பிஸ்டல்கள் எல்லாம் இருக்கின்றன. குளிர்காலத்தில் முதல் சீரிஸ் திணறுவதை நிறைய பார்த்திருக்கிறேன். ஆள் கெட்டியான எண்ணெயைத் தாராளமாக விட்டிருப்பார், அது குளிரில் இறுகும். துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விரலில் தேய்த்துத் தடவினால் போதும். நீங்கள் “எண்ணெய் விட்டேன்” என்றீர்களே, எவ்வளவு?

நடுவட்டம்

வடியும் அளவுக்கு இல்லை. ஆனால் ஒரு சொட்டும் இல்லை. :)

ரூர்_தமிழன்

திருச்சியில் இறுகாது, சரி. ஆனால் .22 தோட்டாவின் ஈயத்தில் பூசிய மெழுகும் எரியாத வெடிமருந்துத் தூளும் எண்ணெயோடு குழைந்து பசையாகும். வெயிலில் மெழுகு வேறு இளகும். அந்தக் கறுப்புப் பசை எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியில்தான் முதலில் போய்க் குந்தும். குழலைப் பளபளவென்று வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். மரப் பல்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள், உலோகம் எதுவும் வேண்டாம்.

புதுத்தோட்டா

அப்படியென்றால் நான் சொன்ன மாதிரி ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டினால் போல்ட் முழுக்கப் பின்னால் போகும்தானே? லாஜிக் சரிதானே?

பழைய_ஆர்மரர்

போகும். போய் ஃபிரேமில் இடிக்கும். அந்த இடியை வாங்க நிறைய மாடல்களில் ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பஃபர் வைத்திருக்கிறான். அது சீக்கிரம் பிளந்துபோகும், அப்புறம் இரும்பும் இரும்பும் மோதும். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், போல்ட்டை முன்னால் கொண்டுவருவதும் அதே ஸ்பிரிங்தான். வெட்டிய ஸ்பிரிங் தோட்டாவைச் சேம்பருக்குள் முழுசாகத் தள்ளி மூடாமல் விட்டால்? .22 கேஸின் சுவர் மெல்லிய பித்தளை. சேம்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது வெடித்தால் விளிம்பருகில் பிளந்து வாயுவும் துகளும் முகத்துக்கு வரும். கண்ணாடி இல்லாமல் ரேஞ்சுக்குள் வராதே என்று கத்துவது இதற்காகத்தான். சுட்ட கேஸில் விளிம்புக்குச் சற்று மேலே வயிறு தள்ளியிருந்தால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிடவேண்டும்.

வெட்டிய முனை தட்டையாக உட்காராது, சாய்ந்து தேய்க்கும் என்பது மூன்றாவது. போதுமா?

புதுத்தோட்டா

போதும் ஐயா. அந்த அண்ணனிடமும் சொல்லிவிடுகிறேன்.

ஒற்றைக்கை

போல்ட்டுக்குப் பதில் ஸ்லைடு (மேல்மூடி) வெளியே ஓடுகிற பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்காக ஒரு குறுக்குச்செய்தி. இங்கே புல்ஸ்ஐ என்கிற அமெரிக்க பிஸ்டல் போட்டியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41 நிறையப் பேர் கையில் இருக்கும், 1957இல் விற்பனைக்கு வந்த மாடல், இன்னும் ஓடுகிறது. அந்த வகையில் கட்டைவிரலை உயர்த்திப் பிடிப்பவர்களுக்கு விரல் ஸ்லைடை உரசும். சுடுபவருக்குத் தெரியவே தெரியாது. ஸ்லைடின் பக்கவாட்டில் சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்துவிட்டு ஒரு சீரிஸ் சுட்டு விரலைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது. இழையைத் தொடங்கியவரின் பிஸ்டலுக்கு இது பொருந்தாது, தெரிந்தே எழுதுகிறேன்.

நடுவட்டம்

ஐயா, ஒரு விஷயம் கண்டுபிடித்தேன்.

பிஸ்டலோடு வந்த பெட்டியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு ரீகாயில் ஸ்பிரிங், துருப்பிடிக்காமல், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி. உதிரி என்று நினைத்து இதுவரை திறக்கவே இல்லை. இப்போது பிஸ்டலில் இருப்பதைக் கழற்றி இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நீளம் ஏறக்குறைய ஒன்று. ஆனால் பிஸ்டலுக்குள் இருந்ததன் கம்பி தடிமன் கண்ணுக்கே தெரிகிறது, சுருள்களும் நெருக்கம். விரலால் அழுத்தினால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

பழைய உரிமையாளருக்குப் போன் செய்தேன். அவருக்கு ஒரு காலத்தில் ஹை வெலாசிட்டி தோட்டா மட்டுமே கிடைத்ததாம், ஃபிரேம் அடிபடக்கூடாது என்று தடித்த ஸ்பிரிங் போட்டாராம். பையில் இருப்பதுதான் கம்பெனி ஸ்பிரிங்!

பழைய_ஆர்மரர்

அவர் செய்ததில் தப்பில்லை. அந்தத் தோட்டாவுக்கு அந்த ஸ்பிரிங். நீங்கள் தோட்டாவை மாற்றினீர்கள், ஸ்பிரிங் பழையதாகவே நின்றுவிட்டது. கம்பெனி ஸ்பிரிங்கைப் போட்டுச் சுடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள், எக்ஸ்ட்ராக்டர் பக்கமும் இன்றைக்குப் போகாதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்து பிரச்சினை தீர்ந்தால் எது தீர்த்தது என்று தெரியாமல் போய்விடும்.

நடுவட்டம்

ஸ்பிரிங் மாற்றிச் சுட்டேன். கேஸ்கள் இப்போது வலப்பக்கம் நன்றாகத் தள்ளி விழுகின்றன, ஒரே இடத்தில் குவிகின்றன. கடைசித் தோட்டாவில் போல்ட் ஒவ்வொரு முறையும் நிற்கிறது. 10 விநாடி சீரிஸ்கள் தடையில்லாமல் ஓடின.

ஆனால் கடைசியில் ஒரு தடவை வேறு மாதிரிச் சிக்கல். வெற்றுக் கேஸ் சேம்பரிலேயே இருந்துவிட்டது, போல்ட் பின்னால் போய் அடுத்த தோட்டாவை அதன்மேல் கொண்டுவந்து முட்டியது. அடுத்த தோட்டாவின் ஈய மூக்கு நசுங்கிவிட்டது.

ரூர்_தமிழன்

பல்குச்சி. :)

பழைய_ஆர்மரர்

ரூர் சொல்வது சரி, இப்போது எக்ஸ்ட்ராக்டருக்குப் போகலாம். பிஸ்டல் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு போல்ட்டை வெளியே எடுங்கள். சுட்ட வெற்றுக் கேஸ் ஒன்றின் விளிம்பை நகத்துக்கு அடியில் செருகி, போல்ட் முகத்தோடு ஒட்ட வைத்து லேசாக ஆட்டுங்கள். நிற்கவேண்டும். விழுந்தால் நகத்துக்கு அடியில் அழுக்கு, அல்லது நகத்தின் ஸ்பிரிங் தளர்ச்சி, அல்லது நக முனை மழுங்கல். இந்த வரிசையில்தான் பார்க்கவேண்டும். நிறைய தடவை அழுக்கோடு முடிந்துவிடும். உயிர்த்தோட்டாவை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், விளிம்பில்தான் மருந்து இருக்கிறது.

கூடவே சேம்பர் வாயை ஒரு டார்ச் வைத்துப் பாருங்கள். .22இல் ஃபயரிங் பின் அடிப்பது விளிம்பை. உள்ளே எதுவும் இல்லாமல் வெற்று டிரிகர் பயிற்சி செய்தால் சில பிஸ்டல்களில் பின் நேராகச் சேம்பர் ஓரத்தில் மோதும், அங்கே ஒரு சின்னப் பிசிறு கிளம்பும். கேஸ் அதில் மாட்டும். டிரை ஃபயர் வசதி உள்ள மாடல் என்றால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் போலித் தோட்டா. பிசிறு இருந்தால் நீங்களே அரம் எடுக்கக்கூடாது. அதை அழுத்திச் சமப்படுத்தத் தனி அயர்னிங் கருவி உண்டு, ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுங்கள்.

நடுவட்டம்

சேம்பர் ஓரம் சுத்தமாக இருக்கிறது ஐயா, பிசிறு இல்லை. கேஸ் நிற்கவில்லை, முதல் ஆட்டத்திலேயே விழுந்துவிட்டது. பல்குச்சி போட்டுக் குடைந்தால் நகத்துக்கு அடியிலிருந்து தகடு மாதிரிக் கெட்டியாகக் கறுப்பு மெழுகு பெயர்ந்து வந்தது. கரைப்பான் தொட்டுத் துடைத்த பிறகு கேஸை ஆட்டினால் அப்படியே நிற்கிறது. மாட்டுவதும் நின்றுவிட்டது.

இன்னொரு கேள்வி. போட்டிக்கு முன் டிரிகர் எடை பார்த்தேன். ஸ்பிரிங் தராசு ஒரு தடவை 1010 காட்டுகிறது, இன்னொரு தடவை 980. எதை நம்புவது?

ரூர்_தமிழன்

இரண்டையும் நம்பாதீர்கள். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி 25 மீட்டர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்சம் 1000 கிராம். அதைச் சோதிப்பது எடைக்கட்டியால், ஸ்பிரிங்கும் உருளையும் இல்லாத கட்டியால். குழல் செங்குத்தாக மேலே பார்க்கவேண்டும், கட்டி கிடைமட்டமான மேசையில் இருக்கும், அதன் கொக்கி டிரிகரின் நடுப்பகுதியில் மாட்டும், மெதுவாகத் தூக்கவேண்டும். ஹேமர் விழாமல் கட்டி மேசையைவிட்டு எழவேண்டும். வீட்டிலும் இதே மாதிரிச் செய்யுங்கள், கிளப்பில் கட்டி இருக்கும்.

சரியாக 1000இல் வைப்பது வீண் வீரம். 1030, 1040 பக்கம் வைத்துவிடுங்கள். அந்த முப்பது கிராமால் யாருக்கும் பதக்கம் போனதில்லை, சோதனை மேசையில் வியர்த்தவர்கள் நிறைய.

ஒற்றைக்கை

இரண்டு கட்ட டிரிகர் (முதலில் ஒரு தடுப்பு வரை, பிறகு சுடுவதற்கு) என்றால் முதல் கட்டத்தில் பெரும்பங்கை வையுங்கள், 700, 750 என்று. இரண்டாவதுக்கு மிச்சம். பத்து விநாடியில் முதல் கட்டத்தைக் கை எழும்போதே எடுத்துவிடலாம்.

பழைய_ஆர்மரர்

இது ஒவ்வொருவர் விரலைப் பொறுத்தது. நான் இரண்டாவது கட்டத்தில் 300க்குக் குறையவிடமாட்டேன், படபடப்பில் முதல் கட்டத்தோடு சேர்ந்தே போய்விடும்.

ஆனால் எடைத் திருகை மட்டும் தொடுங்கள். சியர் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) பிடிமானத் திருகில் கைவைக்கவேண்டாம். பிடிமானத்தைக் குறைத்தால் டிரிகர் கண்ணாடிக்குச்சி ஒடிவதுபோல் இனிக்கும். அப்புறம் ஒருநாள் போல்ட் மூடும் அதிர்ச்சியிலேயே ஹேமர் நழுவி, ஒரே இழுப்பில் இரண்டு போகும்.

புதுத்தோட்டா

ஐயா, இரண்டு போனால் என்ன செய்வது? எனக்குப் போன மாதம் ஒரு தடவை அப்படி ஆயிற்று, பிறகு வரவில்லை என்று விட்டுவிட்டேன்.

பழைய_ஆர்மரர்

விடக்கூடாது தம்பி. இனி ஒரு தோட்டாகூடப் போடாமல் ஆர்மரரிடம் கொண்டுபோங்கள். சியரா, ஒரு இழுப்புக்கு ஒன்றே போகவைக்கும் டிஸ்கனெக்டரா, பசை அழுக்கா என்று அவர் பார்க்கட்டும். பக்கத்து லேனில் ஆள் நிற்கிறார்.

சொல்கிற கையோடு இன்னொன்று. சுடும்போது சத்தம் சப்பென்று வந்தால், கை உதைப்பே உணரவில்லை என்றால், அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். குறிப்பாகப் பத்து விநாடியில் விரல் தன்னால் போகும், நிறுத்தப் பழகவேண்டும்.

நடுவட்டம்

போட்டியில் சிக்கினால் நானே போல்ட்டை இழுத்துவிடலாமா?

ரூர்_தமிழன்

இழுத்தால் போச்சு. பிஸ்டலை டார்கெட் பக்கம் பார்த்தபடியே வைத்துக்கொண்டு மற்றக் கையை உயர்த்தி ரேஞ்ச் ஆஃபீசரைக் கூப்பிடவேண்டும். அவர் வந்து பார்ப்பதற்குள் போல்ட்டையோ சேஃப்டியையோ தொட்டால் அது அனுமதிக்கப்படாத கோளாறாகிவிடும், சுடாத தோட்டாவுக்கெல்லாம் பூஜ்யம். கேஸ் மாட்டியது, தோட்டா வெடிக்காதது எல்லாம் அனுமதிக்கப்பட்ட கோளாறு. தோட்டா போட மறந்தது, சேஃப்டியை எடுக்காதது, டிரிகரை முழுக்க முன்னால் விடாமல் மறுபடி இழுத்தது எல்லாம் உங்கள் கணக்கு. இந்தக் கடைசி விஷயத்தில்தான் 10 விநாடியில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், பிஸ்டல் கெட்டுவிட்டது என்று சத்தியம் செய்வார்கள்.

ஒற்றைக்கை

பழைய ஆட்கள் ரேப்பிட் ஃபயர் (25 மீட்டர் வேகச் சுடுதல்) போட்டியில் .22 ஷார்ட் என்ற சின்னத் தோட்டா சுட்ட காலத்தைச் சொல்வார்கள். உதைப்பே இருக்காது, டிரிகர் இறகு மாதிரி. 2005 முதல் லாங் ரைஃபிளும் 1000 கிராமும் வந்ததில் அந்தப் பிஸ்டல்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம்ம விஜய் குமார் ரேப்பிட் ஃபயரில் வெள்ளி வாங்கினார், இன்றைக்கு நாம் சுடுகிற இதே லாங் ரைஃபிளில்.

நடுவட்டம்

கட்டியில் தூக்கிப் பார்த்தேன், 1000 எழவில்லை. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கட்டியோடு சில்லறை எடைகளையும் சேர்த்துக் கட்டி 1040 எழும்படி வைத்துவிட்டேன். சியர் திருகைத் தொடவில்லை ஐயா. மெழுகு பிரச்சினைக்கு எத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

பழைய_ஆர்மரர்

எண்ணிக்கை சொல்லமாட்டேன். போல்ட் முகத்தையும் நகத்தையும் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் துடையுங்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது. குழலை அடிக்கடி தேய்க்கவேண்டாம், தேய்த்தால் பின்வாய் வழியாகத்தான். முனைப்பக்கம் கம்பி விட்டு விளிம்பைத் தேய்த்தால் டார்கெட்டில் குண்டுகள் நெருங்கி விழுவது கலைந்துவிடும். சுத்தம் செய்த குழல் முதல் சில தோட்டாக்களை அங்குமிங்கும் போடும், போட்டிக்கு முந்தின இரவு பளபளப்பாக்கிவிட்டு வரவேண்டாம்.

தடித்த ஸ்பிரிங்கைப் பையில் போட்டு, எந்தத் தோட்டாவுக்கு என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள்.